முட்டை இல்லாத நாளில் அது என்ன தின்னும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ராத்திரியில் கதை சொல்கிறீர்கள். கதாநாயகன், முட்டை திருடித் தின்னும் ஒரு டைனோசர். நான்கைந்து நாள் கதை நன்றாக ஓடியது. அப்புறம் பையன் குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிட்டான். அது எங்கே தூங்கும், வாயில் பல் உண்டா, முட்டையை எப்படித் தூக்கும், முட்டை கிடைக்காத நாளில் என்ன தின்னும்? இதற்கிடையில் ஓவிராப்டர் என்று நிஜமாகவே ஒன்று இருந்ததாகவும், அந்தப் பெயருக்கே முட்டைத் திருடன் என்று பொருள் என்றும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அதை நம்பிக் கதையைக் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. பையனுடைய கடைசிக் கேள்விதான் இதில் கெட்டிக்காரத்தனமானது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நிலவியல் படித்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். புதைபடிவ முட்டையோடுகளோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதுவும் குஜராத், மத்தியப் பிரதேசத்து ஓடுகளோடு மட்டும். கோபி பாலைவனத்துக்குப் போனதில்லை. ஓவிராப்டர் வகை எலும்புகளை வார்ப்பு நகல்களிலும் ஆய்வுக் கட்டுரைப் படங்களிலும்தான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'பிறர் கூட்டில் கை வைத்தபோதே செத்துப்போன திருடன்' என்று இந்த விலங்கைப் பற்றி வகுப்பில் சுவையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். அது தப்பு. பாடப் புத்தகங்களிலும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது, ஆனாலும் தப்பு தப்புதான்.

அந்தத் தப்பு பிறந்த கதை இது. 1923ஆம் ஆண்டு. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அனுப்பிய குழு ஒன்று, ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் தோண்டிக்கொண்டிருந்தது. மாலை வெயிலில் தீப்பிடித்ததுபோல் சிவக்கும் மணற்பாறைக் குன்றுகள் அங்கே உண்டு. பயன்சாக் என்பது உள்ளூர்ப் பெயர். அந்த இடத்தில் புரோட்டோசெராடாப்ஸ் என்ற, ஆட்டுக்கிடா அளவுள்ள, கிளிமூக்கு டைனோசரின் எலும்புகள் வாரி இறைத்தாற்போல் கிடந்தன. ஜூலை மாதத்தில் குழுவிலிருந்த ஜார்ஜ் ஓல்சன் ஒரு முட்டைக் கூட்டைக் கண்டுபிடித்தார். நீளமான முட்டைகள். எலும்பெல்லாம் புரோட்டோசெராடாப்ஸ் என்றால் முட்டையும் அதனுடையதாகத்தானே இருக்க வேண்டும்? யாரும் மறுக்கவில்லை. அந்தக் கூட்டின் மேலேயே, பத்து சென்டிமீட்டர் மணல் இடைவெளியில், வேறொரு விலங்கின் நொறுங்கிய மண்டையோடும் எலும்புகளும் கிடந்தன. பல் இல்லாத வாய், குட்டையான மூக்கு. அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் 1924இல் அதற்கு ஓவிராப்டர் ஃபிலோசெராடாப்ஸ் என்று பெயர் வைத்தார். முன்பாதிக்கு முட்டைத் திருடன், பின்பாதிக்குக் கொம்பு டைனோசர்கள்மேல் ஆசை கொண்டவன் என்று பொருள். கூட்டைச் சூறையாடும்போதே மணற்புயலில் சிக்கிப் புதைந்தது என்பது கதை. பிற்பாடு சினிமாவால் ஊரறிந்த வெலாசிராப்டருக்கும் அதே கட்டுரையில்தான் பெயர்சூட்டு விழா நடந்தது.

ஆஸ்பார்னைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மனிதர் எச்சரிக்கையாகத்தான் இருந்தார். இந்தப் பெயர் விலங்கின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றி நம்மைத் தவறாக நினைக்க வைக்கலாம், அதன் குணத்துக்கே பொருந்தாமல் போகலாம் என்று அதே கட்டுரையில் எழுதி வைத்திருக்கிறார். படித்தவர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். எழுபது வருஷம் அப்படியே ஓடியது.

கதை கவிழ்ந்தது 1993இல். அதே அருங்காட்சியகமும் மங்கோலிய அறிவியல் கழகமும் சேர்ந்து கோபியில் உகா தோல்கோத் என்ற புதிய இடத்தைக் கண்டன. அங்கே மார்க் நோரெலின் குழுவுக்கு, பாதி தேய்ந்து திறந்து கிடந்த ஒரு முட்டை கிடைத்தது. பயன்சாக்கில் கிடைத்ததே போன்ற நீள முட்டை, ஓட்டின்மேல் அதே மாதிரி வரிவரியான மேடுகள். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு கரு. எலும்பைச் சுத்தம் செய்து பார்த்தால் புரோட்டோசெராடாப்ஸ் குஞ்சு இல்லை, ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. 1994இல் இது வெளியானது. திருடன் என்று எழுபது வருஷம் பெயர் வாங்கியது தன் சொந்த இனத்தின் முட்டைமேல் கிடந்திருக்கிறது என்பதுதான் அதற்குச் சரியான வாசிப்பு.

அடுத்த வருஷமே இன்னொரு சான்றும் வந்தது, படத்தைப் பார்த்ததும் எனக்கு என் அப்பத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பத்தா அடைக்கு வைப்பது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அகலக் கூடையில் மணல் கொட்டி, அதன்மேல் வைக்கோல் பரப்பி, முட்டைகளை வட்டமாக அடுக்கி, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாது என்று ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஓர் இரும்பாணி போட்டு, மேலே கோழியை உட்காரவைப்பார். கோழி முதலில் எழுந்து எழுந்து உட்காரும், அலகால் முட்டையைத் தள்ளிச் சரிசெய்யும், கடைசியில் உடம்பைத் தட்டையாக்கி இறக்கையை இரண்டு பக்கமும் தாழ்த்தி ஓரத்து முட்டை வரைக்கும் மூடிக்கொண்டுவிடும். கிட்டே கை கொண்டுபோனால் உறுமும், கொத்தும், ஆனால் எழுந்திருக்காது. உகா தோல்கோத் எலும்புக்கூடு அந்தக் கோழி மாதிரியே இருந்தது. பின்னங்கால்கள் மடங்கி, முட்டை வட்டத்தின் நடுவிலிருந்த காலி இடத்தில் பாதங்கள். முன்கைகள் இரண்டும் விரிந்து, முட்டைகளின் விளிம்பை வளைத்துப் பிடித்தபடி. அப்படியே மணலில் மூடிப்போயிருக்கிறது. சீனாவின் உள் மங்கோலியாவிலும் இதேபோல் கூட்டின்மேல் அமர்ந்த ஒன்று கிடைத்து 1996இல் விவரிக்கப்பட்டது. பிறகு இன்னும் சில வந்தன. ஒன்று கிடைத்தால் தற்செயல் என்று தள்ளலாம். இத்தனை கிடைத்த பிறகு தள்ள முடியாது.

உகா தோல்கோத் விலங்குக்கு 2001இல் வைத்த பெயர் உங்களுக்குப் பிடிக்கும்: சிதிபதி. சமஸ்கிருதம்தான். நம் 'சிதை'யும் அந்த 'சிதி'யும் ஒரே வேர், 'பதி' நமக்குத் தெரிந்ததே. சிதைக்கு அதிபதி, அதாவது சுடுகாட்டுக் காவலன். திபெத்திய பௌத்தத்தில் சிதிபதி என்பது ஜோடியாக ஆடும் இரண்டு எலும்புக்கூடுகள். தியானத்தில் ஆழ்ந்திருந்த இரண்டு துறவிகளை ஒரு திருடன் தலையை வெட்டிக் கொன்றுவிட்டதாகவும், அவர்களே திருடர்களுக்குப் பரம எதிரியாகச் சிதிபதி ஆனதாகவும் கதை சொல்வார்கள். திருடன் என்று பெயரெடுத்த குடும்பத்தில் திருடர்களின் எதிரிக்கும் ஓர் இடம். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களா என்று தெரியாது, நான் மட்டும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொள்வேன்.

2020இல் இன்னொரு திருப்பம். புரோட்டோசெராடாப்ஸின் உண்மையான முட்டைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் ஓடு கோழிமுட்டை மாதிரிக் கெட்டியானது அல்ல, ஆமை முட்டை மாதிரித் தோல்போன்று மெத்தென்றது என்று தெரிந்தது. பயன்சாக்கில் கிடைத்த கெட்டி ஓட்டு முட்டைகள் அதனுடையவையாக இருக்கவே வழியில்லை. நகை பறிபோனதாகப் புகார், ஆனால் அந்த வீட்டில் அந்த மாதிரி நகையே கிடையாது என்கிற கதைதான்.

ஓட்டை வைத்து இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். இது எனக்குக் கைப்பழக்கமான இடம். ஓட்டுத்துண்டைப் பிசினில் பதித்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, தேய்ப்பு மாவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்ததும் ஒளி ஊடுருவும். இன்னும் ரெண்டு தேய்ப்பு கூடப்போனால் சீவலே காணாமல் போய்விடும், எனக்கு அப்படிப் போனவை பல. நுண்ணோக்கியில் வைத்தால், தாவரம் தின்ற நீள்கழுத்து டைனோசர்களின் ஓட்டில் படிகங்கள் விசிறி விசிறியாக, ஒரே அடுக்காக நிற்கும். ஓவிராப்டர் வகை ஓட்டிலோ இரண்டு அடுக்கு தெரியும், பறவை முட்டையோட்டில் தெரிவதுபோல. வட்டமான கல்லைக் கொண்டுவந்து "சார், இது டைனோசர் முட்டையா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உருண்டையைப் பார்க்காதீர்கள், ஓட்டைப் பாருங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று பரபரப்பானவையும் கடைசியில் உருண்டு திரண்ட கற்கள்தான்.

சரி, இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். முட்டை இல்லாத நாளில் என்ன தின்னும்? முட்டையை மட்டும் நம்பி ஒரு விலங்கு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பறவைகள் வருஷம் முழுக்க முட்டையிடுவதில்லை, பருவம் உண்டு. அது முடிந்தால் பட்டினிதான். இன்றைக்கு முட்டையை மட்டுமே தின்று வாழும் விலங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆப்பிரிக்காவின் முட்டைத்தின்னிப் பாம்பு அதில் பிரபலம். அதன் வாயில் பல் இருப்பதே தெரியாது. தன் தலையைவிடப் பல மடங்கு பெரிய முட்டையை மெதுவாக விழுங்கும். கழுத்துப் பகுதியின் முதுகெலும்பிலிருந்து உள்பக்கமாகத் துருத்தும் முட்கள் முட்டையை ரம்பம்போல் அறுத்து உடைக்கும். சாறு உள்ளே போகும், நசுங்கிய ஓட்டைச் சுருட்டி வெளியே துப்பிவிடும். பருவம் போனால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அது பாம்பாக இருப்பதால் கட்டுப்படியாகிறது, பாம்பின் உடம்புக்குச் செலவு குறைவு. கால்கொண்டு ஓடித்திரிகிற, இறகு போர்த்திய, சூடான உடம்புள்ள 30, 40 கிலோ விலங்குக்கு அது கட்டாது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டிய வீடு அது, விறகு வருஷத்தில் மூன்று மாதம்தான் வரும் என்றால் எப்படி? எனவே முட்டை மட்டுமே தின்ற டைனோசர் ஒன்று இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்டால் விடாத டைனோசர்கள் நிச்சயம் இருந்திருக்கும். உடும்பும் கீரியும் காக்காயும் அப்படித்தானே. திருட்டு அதுகளுக்குத் தொழில் இல்லை, வாய்ப்புக் கிடைத்தால் செய்கிற காரியம்.

அப்படியானால் ஓவிராப்டர் என்னதான் தின்றது? இங்கே என் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். வாய் விசித்திரமானது: பல் இல்லை, கிளியலகுபோல் வளைந்த தாடை, மேலண்ணத்தில் கீழ்நோக்கி நிற்கும் இரண்டு சின்ன முளைகள். அந்த முளைகளைப் பார்த்துத்தான் முட்டை உடைக்க என்றார்கள். சிப்பியும் நத்தையும் உடைக்க என்று 1970களில் மங்கோலிய அறிஞர் பார்ஸ்போல்ட் வாதிட்டார். இலை தழை தின்றது என்று வேறு சிலர். கையில் இருக்கும் உறுதியான சான்று ஒன்றே ஒன்று: 1923இல் கிடைத்த அந்த முதல் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியில் ஒரு பல்லியின் எலும்புகள் இருந்தன. ஆக, பல்லி தின்றது. தினமும் தின்றதா, அன்றைக்கு அகப்பட்டதா என்பதை ஒரு வயிற்றை வைத்துச் சொல்ல முடியாது. சீனாவின் கான்சோவில் கிடைத்த உறவுக்கார விலங்கு ஒன்றின் வயிற்றில் அரைவைக் கற்கள் இருந்தன. கோழி மணலும் கல்லும் விழுங்கித் தீனியை அரைத்துக்கொள்வதுபோல இதுவும் செடிகொடி அரைத்திருக்கலாம். நானாகச் சொல்வதென்றால், கிடைத்ததைத் தின்ற விலங்கு. நம் நாட்டுக்கோழிக்குப் புழுவும் வேண்டும், கீரையும் வேண்டும், சின்ன ஓணான் கிடைத்தாலும் விடாது. இது என் ஊகம், சான்று என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பமான தடயமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1993இல் கரு கிடைத்த அந்தக் கூட்டிலேயே, வேறோர் இனத்தைச் சேர்ந்த, அப்போதுதான் பொரித்த அல்லது பொரிக்க இருந்த இரண்டு குஞ்சுகளின் மண்டையோடுகளும் கிடைத்தன. பறவைக்கு நெருங்கிய ஒரு சிறிய வேட்டை டைனோசரின் குஞ்சுகள். சிதிபதி அவற்றை இரையாகக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். குஞ்சுகளே அங்கு வந்து செத்திருக்கலாம். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். நமக்கு உடனே தோன்றுவது இன்னொன்று: காக்கைக் கூட்டில் குயில் முட்டை. அந்த யோசனையையும் ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். எது என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. முதல் வழி சரியென்றால், திருடன் பட்டம் வாசல் வழியாகப் போய்க் கொல்லைப்புறமாகத் திரும்பிவந்த மாதிரி ஆகும், முட்டைக்குப் பதில் குஞ்சு. உங்கள் கதைக்கு இது நல்ல தீனி.

கூட்டைப் பற்றித் தெரிந்தது நிறைய, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சிதிபதி முட்டை ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளம். பெரிய பங்கனப்பள்ளி மாம்பழத்தை இரண்டு முனையிலும் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்தால் என்ன உருவம் வருமோ அது. முட்டைகள் ஜோடி ஜோடியாக, வட்டம் வட்டமாக, இரண்டு மூன்று அடுக்காக, பாதி மணலில் புதைந்து நிற்கும். ஏன் ஜோடி? சீனாவின் ஜியாங்ஷியில் கிடைத்த ஓர் இடுப்பெலும்புக்குள் ஓடு முற்றிய இரண்டு முட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 2005இல் வெளியான அந்தச் சான்று, இவற்றுக்கு வேலை செய்யும் கருக்குழாய் இரண்டு என்று காட்டியது. கோழிக்கு ஒன்றுதான். ஆக, ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, அப்புறம் சில நாள் கழித்து இன்னும் இரண்டு, தாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இட்டு வட்டத்தை முடித்திருக்க வேண்டும். நிறம்கூடத் தெரியும். 2017இல், குவாங்தோங் மாகாணத்தின் ஹேயுவானில் கிடைத்த ஹேயுவானியா என்ற ஓவிராப்டர் உறவினரின் முட்டையோட்டில் நீலப்பச்சை நிறமிகளின் மிச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. முட்டை பாதி வெளியே தெரிகிற கூட்டுக்கு, சுற்றுப்புறத்தோடு கலந்து மறைகிற நிறம் உதவியிருக்கும். ஹேயுவான் ஊர் அருங்காட்சியகத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் முட்டைகள் வைத்திருக்கிறார்கள்.

அப்பத்தாவின் கோழியோடு ஒப்பிட்டேன், ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோழி முட்டையைப் புரட்டும். இதன் முட்டைகளோ பாதி புதைந்து ஊன்றி நிற்பவை, புரட்ட முடியாது. கோழியின் வயிறு முட்டையைத் தொடும். இது நடுவில் காலி இடத்தில் உட்கார்ந்ததால் பாரம் முட்டைமேல் விழாமல் தப்பியது, ஆனால் உடம்புச் சூடு எல்லா முட்டைக்கும் எவ்வளவு போயிற்று என்பது இன்னும் வாக்குவாதத்தில்தான் இருக்கிறது. 2021இல் கான்சோவிலிருந்து வந்த ஒரு கூடு, சூடு போயிற்று என்ற பக்கம் சாய்கிறது. 24 முட்டைகள்மேல் அமர்ந்த பெரிய விலங்கு, குறைந்தது ஏழு முட்டைக்குள் கரு. ஓட்டிலும் எலும்பிலும் உள்ள ஆக்சிஜனின் வகைகளை அளந்து, முட்டைகள் 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். கருக்களின் வளர்ச்சி எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இல்லை, ஆக எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் பொரித்திருக்காது. முட்டைக்குள்ளே அவை எப்படிப் படுத்திருந்தன என்பதற்கும் ஓர் அழகான படம் உண்டு: கான்சோவிலேயே கிடைத்து, 2021 டிசம்பரில் வெளியான 'யிங்லியாங் குழந்தை'. 17 சென்டிமீட்டர் முட்டைக்குள் 27 சென்டிமீட்டர் குஞ்சு, தலையைக் கால்களுக்கு நடுவில் செருகி, முதுகை முட்டையின் மொண்ணை முனைக்கு வளைத்து. பொரிக்கப்போகும் கோழிக்குஞ்சும் ஏறக்குறைய அப்படித்தான் சுருண்டிருக்கும்.

இறகைப் பற்றிக் கேட்டால்: இந்தக் குடும்பத்தின் மூத்த உறவினர்களில், சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த கவுடிப்டெரிக்ஸ் போன்றவற்றில், இறகு பாறையிலேயே பதிந்திருக்கிறது. கோபியின் மணலில் இறகு பதியாது. ஓவிராப்டருக்கு இறகு வரைவது உறவுமுறையை வைத்துச் செய்யும் அனுமானம், ஆனால் வலுவான அனுமானம். விரிந்த கை முட்டையை மூட வேண்டுமென்றால் அதில் இறகு இருந்தால்தான் பிரயோஜனம். பொம்மைக் கடையில் தலைமேல் உயரமான கொண்டையோடு விற்கும் ஓவிராப்டர் மட்டும் ஓவிராப்டர் இல்லை. அந்தக் கொண்டை, பின்னால் கிடைத்த வேறொரு விலங்கின் மண்டையோட்டிலிருந்து வந்தது. உண்மையான ஓவிராப்டரின் மண்டையோடு மேல்பக்கம் சிதைந்து போனது.

எப்படிச் செத்தன? சீக்கிரமாக, இருந்த இடத்தில், மணலால் மூடிச் செத்தன என்பதில் சந்தேகமில்லை. மணற்புயல் என்றுதான் முதலில் சொன்னார்கள். மழையில் ஊறிய மணல்மேடு சரிந்து விழுந்திருக்கலாம் என்று 1990களின் கடைசியில் உகா தோல்கோத்தின் மண்ணடுக்குகளைப் படித்தவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. எதுவானாலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தது.

இனி உங்கள் கதைக்கு. நிஜமான திருடன் வேண்டுமென்றால் மங்கோலியாவுக்குப் போக வேண்டாம், குஜராத்துக்குப் போங்கள். அங்கே தோலி துங்ரி என்ற ஊரில், 1980களில் இந்திய நிலவியலாளர் தனஞ்செய் மொஹபே ஒரு பாறைத்துண்டு எடுத்தார். அதில் டைனோசர் முட்டைகளும் சின்ன எலும்புகளும். எல்லாம் டைனோசர் குஞ்சு என்றே முதலில் எண்ணப்பட்டது. 2001இல் ஜெஃப்ரி வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை உற்றுப் பார்த்தபோது, அந்த எலும்புகளில் சில பாம்பின் முதுகெலும்பு என்று கண்டார். 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு, நசுங்கிய ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அரை மீட்டர் நீளத்தில் நீள்கழுத்து டைனோசர் குஞ்சு. சுமார் 6 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முந்தியது. வேடிக்கை என்னவென்றால் இந்தப் பாம்பாலும் அந்த முட்டையை விழுங்க முடியாது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உருண்டை முட்டை அது, இதன் தாடையோ இன்றைய மலைப்பாம்பு மாதிரி விரியாது. முட்டை எப்போது உடையும், குஞ்சு எப்போது தலையை நீட்டும் என்று காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கும் திருடன், ஓடிவருகிற திருடனைவிடக் கதைக்கு நல்லவன் இல்லையா? மண்சரிவோ வெள்ளமோ இதையும் காத்திருந்த இடத்திலேயே மூடிவிட்டது.

கோபியில் முட்டைக்குக் கண் வைத்தது யார் என்பதற்கு இப்படி நேரடிச் சாட்சி இல்லை. உடும்பு ஜாதிப் பெரும்பல்லிகள் அங்கே இருந்தன, அவற்றின் இன்றைய சொந்தக்காரர்கள் முட்டைக்கு உயிரைவிடுகிறவர்கள். அதற்கு மேல் சொன்னால் அது என் கற்பனை. நேரடிச் சாட்சி உள்ள முட்டைத் திருடர்கள் என்றால் இரண்டு கால்களில் நடப்பவர்கள்தான். 1923 பயணத்துக்குப் பிறகு ஆண்ட்ரூஸ் ஒரு முட்டையை ஏலம் விட்டார், 5,000 டாலருக்குப் போனது. பணம் திரட்டும் விளம்பரத்துக்காகச் செய்தது, ஆனால் இந்தக் கற்களுக்கு இவ்வளவு விலையா என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோய், பிறகு அவருக்கே அனுமதி கிடைப்பது சிரமமானது. கடத்தல் இன்றும் நிற்கவில்லை. 2020இல் பெயரிடப்பட்ட ஒக்சோகோ என்ற ஓவிராப்டர் உறவினரின் எலும்புகளில் ஒரு பகுதி, கடத்தல்காரர்களிடமிருந்து மங்கோலிய அதிகாரிகள் கைப்பற்றியதே.

அந்த ஒக்சோகோவில்தான் 'எங்கே தூங்கும்' என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. இரண்டு விரல் கையுள்ள இளம் விலங்குகள் நான்கு, ஒன்றோடொன்று ஒட்டி, கால் மடித்துப் படுத்த நிலையிலேயே கிடைத்தன. ஆக, சின்னதுகள் கூட்டமாக ஒட்டிப் படுத்தன என்று தைரியமாகச் சொல்லலாம். பெரியவர்கள் அடைக்காலத்தில் கூட்டின் நடுவில். கண்ணை மூடித் தூங்கினவா, கோழி மாதிரி அரைக்கண்ணில் கிடந்தனவா என்பதை எலும்பு சொல்லாது.

ஓவிராப்டரை உங்கள் கதையில் என்ன செய்வது என்றால், பெயரை மாற்ற வேண்டாம். விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அறிவியலாளர்களே மாற்ற முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரே திருடன் என்று கூப்பிடுகிற, ஆனால் திருடாத ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருந்தது அம்மாவா, அப்பாவா என்று பையன் கட்டாயம் கேட்பான். 2008இல் சில ஆய்வாளர்கள், உடம்பின் அளவுக்கு முட்டைகளின் மொத்த அளவை ஒப்பிட்டும், முட்டையிடும் பெண் பறவையின் எலும்புக்குள் இருக்கும் தனி அடுக்கு இந்த எலும்புகளில் இல்லை என்பதைக் காட்டியும், அடைகாத்தது ஆண் என்றார்கள். ஈமு கோழியில் இன்றும் ஆண்தான் அடைகாக்கிறது. மறுத்தவர்களும் உண்டு, வழக்கு முடியவில்லை. தினமும் ராத்திரி கதை சொல்வது நீங்கள் என்பதால், அப்பா என்றே சொல்லிவிடுங்கள்.